லப்பே வைக்காத கூட்டம்

துபாஷி வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான். "சயா, தெரியாத வார்த்தை வந்தா என்ன செய்யறது?" சயா என்றால் பர்மியத்தில் வாத்தியார். தெரியாத வார்த்தை வந்தால் தெரியாது என்று சொல்லி, இன்னொரு தடவை விளக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் நன்றாகத் தெரிந்த வார்த்தை வந்து, அதைச் சொல்ல நாக்கு எழவில்லை என்றால் என்ன செய்வது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. எனக்குத் தூக்கம் கெட்டதெல்லாம் தெரிந்த வார்த்தைகளால்தான்.

நான் கல்லூரிப் பக்கம் போனவன் இல்லை. பிறந்து வளர்ந்தது ரங்கூன் பசுந்தாங்கில், ஒரு லேத்துப் பட்டறைக்கு மேல்மாடியில். கீழே வேலை செய்தவர்கள் வீட்டில் பேசிய மொழியைத்தான் பிறகு நான் விற்றுச் சாப்பிட்டேன். முதலில் கற்றுக்கொண்டது திட்டு; பிறகு சாமான் பெயர்கள்; மரியாதைச் சொற்கள் வந்து சேரப் பல வருஷம் ஆயிற்று. இன்றைக்கும் யாராவது அந்த மொழியில் கோபப்பட்டால் எனக்கு இரும்புத்தூள் வாசனை வந்துவிடும்.

அது எந்த நாட்டு மொழி என்று எழுதப்போவதில்லை. வாடிக்கையாளர் பெயரை வெளியே சொல்லாதிருப்பது நம் தொழில் பழக்கம். வேலையை விட்டுவிட்டேன், பழக்கம் என்னை விடவில்லை. பெரிய வீடு என்று வைத்துக்கொள்வோம். ரங்கூன் டீக்கடையில் உட்கார்ந்து, "பெரிய வீட்ல என்ன சொல்றாங்களாம்?" என்று கேட்டுப் பாருங்கள். எந்த வீடு என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

பெரிய வீட்டுக்கு நாம் மட்டும் அண்டை வீடு இல்லை. ஒரு சமயம் ஹோட்டல் கூட்டம் ஒன்றுக்குப் பக்கத்துச் சின்ன நாடுகளிலிருந்தெல்லாம் துபாஷிகள் வந்திருந்தார்கள். சிகரெட் பிடிக்கிற மூலையில் நாங்கள் எல்லோரும் கூடிவிட்டோம். ஒருவர் ஊர்க் கதையை இன்னொருவரிடம் சொல்லச் சொல்ல, பெயரை மாற்றினால் எல்லாம் ஒரே கதை. ஒருவர் வீட்டுக் கடலில் கப்பல் நிற்கிறது. ஒருவர் வீட்டு ஆற்றில் மேலே அணை கட்டித் தண்ணீரைப் பிடித்துவைக்கிறார்கள். நமக்கு, அவர்கள் நினைத்தால் மூடிவிடுகிற எல்லைக் கதவு. அந்தக் கூட்டத்தில் ஒரு மலைநாட்டுக்காரர், மெலிந்த மனுஷர், சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. "அவங்க 'நாம நண்பர்கள்'னு ஒரு தடவை சொன்னா நான் தண்ணி குடிச்சுக்குவேன். ரெண்டாவது தடவை சொன்னா நாற்காலிய நல்லாப் பிடிச்சுக்குவேன். மூணாவது தடவை சொன்னா எங்க அமைச்சரோட மூஞ்சியப் பாக்கவே மாட்டேன்." நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு மணி அடித்தது. அவரவர் எஜமானர் பின்னால் போய் அவரவர் உட்கார்ந்துகொண்டோம்.

ரங்கூனுக்குத் தெற்கே ஆற்றோரமாக இருக்கிற கியாக்தானில் நடந்த கூட்டத்தைச் சொல்வதற்கு முன்னால் தர்பூசணிக் கதையைச் சொல்லியாக வேண்டும். அது எனக்கு நடந்தது அல்ல. என்னைவிட வயதில் சின்னவர், தொழிலில் மூத்தவர் ஒரு அம்மா, பெயர் வேண்டாம். வடக்கே எல்லை ஊரில் ஒரு கூட்டம். மேலே மலையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. சண்டை எங்களுக்குப் பிடித்த மாதிரி நிற்கும்வரை கதவைத் திறக்க மாட்டோம் என்று பெரிய வீட்டு அதிகாரி சொன்னார். அந்த அம்மாவுக்கு எதிரே பழ வியாபாரிகளும் வயல்காரர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். அறுவடை நேரம். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் இவருக்கு மனசு இளகிவிட்டது. "கதவு விஷயத்தில் கொஞ்சம் தாமதம் ஆகலாம்" என்று பர்மியத்தில் பதமாகச் சொல்லிவிட்டார்.

தாமதம்தானே என்று நம்பி அவர்கள் லாரி ஏற்றினார்கள். எல்லையில் லாரிகள் வரிசையாக நின்றன. வெயிலில் பழம் வெடித்தது. சாறு சாலையில் ஓடி, செருப்பு ஒட்டிக்கொள்கிற அளவுக்கு ஆனது. ஒரு வயல்காரர் இந்த அம்மாவைத் தேடி வந்தாராம். திட்டவில்லை. "நீங்க நல்லவங்கம்மா. ஆனா அவன் சொன்னதை அப்படியே சொல்லியிருந்தா, பழத்தை வயல்லேயே விட்டு மாட்டுக்காவது போட்டிருப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அந்த அம்மா தர்பூசணியைத் தொட்டதில்லை. நான் தொழிலுக்கு வந்த புதிதில் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு அவர் சொன்னது: "அவன் பயமுறுத்தினா பயமுறுத்தினபடியே சொல்லுங்க. பயப்படுற உரிமை அவங்களோடது. அதை நீங்க எடுத்து ஒளிச்சு வைக்காதீங்க." இன்னொன்றும் சொன்னார். பேசுகிறவர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று ஓரமாக நின்றுகொள்ளக் கூடாது. ஓரமாக நின்றால் நம் அபிப்பிராயமும் உள்ளே நுழைந்துவிடும். உங்களுக்கும் இதைப் பாடமாகச் சொல்லித் தந்திருப்பார்கள். பாடத்தில் இது ஒரு வரி. கியாக்தானில் எனக்கு அது என்னவாக இருந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

மழை முடிந்திருந்த நேரம். எல்லைக் கதவு மூடிப் பல மாதம் ஆகியிருந்தது. ரங்கூன் மருந்துக் கடைகளில் அலமாரிக்குப் பின்னால் இருக்கும் சுவர் தெரிய ஆரம்பித்திருந்தது. டயர் இல்லை, உரம் இல்லை. ஆற்றுமுகத்தில் ஒரு கப்பல் துறை கட்ட இடம் கொடுத்தால் கதவு திறக்கும் என்று ஊரெல்லாம் பேச்சு. அதே சமயத்தில் பெரிய வீட்டுப் போர்க்கப்பல் ஒன்று நட்புப் பயணம் என்ற பெயரில் வந்து ஆற்றுமுகத்துக்கு வெளியே நின்றது. இலவச வைத்திய முகாம் நடத்தினார்கள், அரிசி மூட்டை கொடுத்தார்கள். முகாம் முடிந்த பிறகும் கப்பல் போகவில்லை.

அந்தத் துறைக்காகக் கியாக்தான் பக்கத்து மீன்பிடி ஊர் ஒன்றில் கூட்டம் வைத்தார்கள். துறை கட்டப்போகும் பெரிய வீட்டுக் கம்பெனி என்னைக் கூப்பிட்டது. ரங்கூன் தாகேதாவில் என் வீட்டு வாசலில் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷா மிதிக்கிற கோ நைங்கிடம், இன்ன வேலையாகப் போகிறேன் என்று சொன்னேன். அவன் பீடாவை ஒதுக்கிக்கொண்டு சொன்னான். "பெரிய லாரி என் பக்கத்துல வந்து, 'நாம ரெண்டு பேருமே வண்டிக்காரங்கதானே'ன்னு சொல்லும் சயா. ஆமாமான்னு தலையாட்டிக்கிட்டே நான் சாக்கடை ஓரம் போயிடுவேன்." வேன் வந்து ஹாரன் அடித்தது. அவன் உண்மையாகவே சைக்காவை ஓரம் கட்டினான்.

வேனில் நான்கு பேர் முக்கியம். கம்பெனித் தலைவர்; கப்பலிலிருந்து வந்த வெள்ளைச் சீருடை அதிகாரி; ரங்கூனிலிருந்து நம் தரப்பு அதிகாரி ஊ தின்; படம் பிடிக்கிறவர் ஒருவர். ஊ தின் நல்ல மனுஷர். அவர் மனைவிக்குச் சர்க்கரை நோய், தினமும் ஊசி. அந்த ஊசி மருந்து வருகிற வழியும் அந்தக் கதவுதான். வழியெல்லாம் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டு பக்கமும் நசுங்குகிறவர்கள் மேல் கோபப்பட எனக்கு வராது.

கூட்டம் புத்த பிக்குகளான பொங்ஜிகளின் மடத்து மண்டபத்தில். அங்கிருந்து பார்த்தால் ஆறு கடலில் கலக்கிற இடம் தெரியும். தண்ணீரில் வரிசையாக நட்ட கழிகள், கழிகளுக்கு நடுவில் கட்டிய வலைகள், அவற்றுக்கும் பின்னால் சாம்பல் நிறத்தில் அந்தக் கப்பல். துறை வந்தால் கப்பல் வழிக்காக முதலில் பிடுங்கப்படுவது அந்தக் கழிகள்தான். கழியைப் பிடுங்கினால் அந்த ஊரில் பாதி வீட்டில் அடுப்பு எரியாது.

வலைக்காரர்கள் சார்பில் பேச வந்தவள் டோ மியா. புருஷன் இல்லை. கழி, வலை, படகு எல்லாம் அவள் பார்வையில்தான் நடக்கும். கன்னத்தில் தனகா மரப்பட்டைக் குழம்பு பூசி, கைகட்டி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா நம் தமிழ் ஆள், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். வருஷத்துக்கு ஒரு தடவை தீமிதிக்கு வரும்போது மட்டும் தமிழ் பேசுவாளாம். அன்றைக்கு எல்லோரையும் போலப் பர்மியத்தில்தான் பேசினாள். என்னையும் மற்றவர்கள் மாதிரி சயா என்றுதான் கூப்பிட்டாள்.

கூட்டம் தொடங்குமுன் ஒன்று நடந்தது. வெள்ளைச் சீருடைக்காரர் படிக்கட்டோரம் காயப்போட்டிருந்த வலையின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். கிழிந்து தைத்த ஓர் இடத்தை எடுத்து, முடிச்சை விரலால் தடவிப் பார்த்தார். வலை தைத்துப் பழகிய கை எப்படிப் போகும் என்று எனக்கே தெரியும்போது டோ மியாவுக்குத் தெரியாதா? அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

விருந்தாளிகளுக்கு விசிறி கொடுத்தார்கள், வாழைப்பழம் வைத்தார்கள், வெறும் தேநீர் ஊற்றினார்கள். நல்ல உபசாரம். தலைவருக்கு மகிழ்ச்சி. எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. லப்பே வரவில்லை.

இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியிலிருந்து வந்து இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஊறவைத்த தேயிலையை எண்ணெய் விட்டுப் பிசைந்து, அறை அறையாகப் பிரித்த அரக்குத் தட்டில் பூண்டு வறுவல், பருப்பு, எள்ளோடு வைப்பார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் அது வந்துவிடும். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. அந்தக் காலத்தில் இரண்டு பேருக்குள் வழக்கு நடந்து தீர்ப்பு ஆனால், இரு தரப்பும் பெரியவர்கள் முன்னால் லப்பே தின்பார்கள். தின்றுவிட்டால் வழக்கு முடிந்தது, மறுபேச்சு இல்லை. கோர்ட்டு வந்த பிறகு ரங்கூனில் இது மறந்துபோயிற்று. ஆற்றோர ஊர்களில் மறக்கவில்லை. வலைச் சண்டை, வரப்புச் சண்டை எல்லாம் அங்கே இன்றைக்கும் இந்தத் தட்டில்தான் முடிகிறது.

அப்படிப்பட்ட ஊரில் அன்று தட்டு வெளியே வரவில்லை. அது எனக்குத் தெரிந்தது, ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தது, ஊ தின்னுக்கும் தெரிந்திருக்கும். விருந்தாளிகளுக்குத் தெரியாது.

தலைவர் பேசினார். நாம் நண்பர்கள் என்று தொடங்கினார். வேலை கிடைக்கும், பள்ளிக்கூடம் வரும், விளக்கு எரியும் என்றார். நடுவில் ஒரு தடவை நாம் நண்பர்கள். அப்புறம் ஊ தின் எழுந்து, மேலிடத்துக்கு ஊர்ச் சம்மதம் படத்தில் வேண்டும், அது இல்லாமல் கம்பெனிக்காரர்கள் கடலில் மிதவை போட்டுத் துறைக்கு எல்லை குறிக்க மாட்டார்கள் என்று எல்லோருக்கும் கேட்கவே சொன்னார். பிறகு குரல் இறங்கியது. "இங்க நீங்க தலையாட்டினா அங்க கதவு திறக்கும். என் வீட்டுக்காக மட்டும் சொல்லலை." அவர் வீட்டு விஷயம் ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த வரியையும் பெரிய வீட்டு மொழியில் அப்படியே சொன்னேன்.

தேநீர் இடைவேளை விட்டார்கள். நான் தண்ணீர்ப் பானைப் பக்கம் போனேன். டோ மியா பின்னாலேயே வந்தாள். குரலைத் தாழ்த்தித் தமிழில் பேசினாள்.

"அண்ணே, நம்ம ஆளுதானே நீங்க. வேன்ல வரும்போது அவுங்க என்ன பேசிக்கிட்டாங்கன்னு சொல்லுங்க."

பர்மியத்தில் கேட்டிருந்தால் பதில் சொல்வது எளிதாக இருந்திருக்கும்.

"அது என்னால முடியாதும்மா" என்றேன். "மண்டபத்துல பேசினதை எல்லாம் ஒண்ணு விடாமச் சொல்றேன். வேன்ல பேசினது என் காதுல விழுந்தாலும் என்னோடது இல்லை."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரிங்க ஊ மணி" என்றாள். அண்ணன் போய், பெயருக்கு முன்னால் மரியாதைக்குப் போடுகிற பர்மிய 'ஊ' வந்தது. அவள் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நான் என் இடத்துக்கு வருவதற்குள் தலைவர் என் தோளைத் தொட்டு, அந்த அம்மாள் தனியாக என்ன சொன்னாள், ஊர்க்காரர்கள் குசுகுசுவென்று என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டார். அவருக்கும் அதே பதில்தான். அவரும் அதே மாதிரி ஒரு பார்வை பார்த்தார். இரண்டு பக்கமும் உங்களைச் சந்தேகமாகப் பார்த்தால் கவலைப்படாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் ரொம்பப் பிரியமாகப் பார்த்தால் கவலைப்படுங்கள். வேனில் என்ன பேசினார்கள் என்று நீங்களும் கேட்காதீர்கள். அவளுக்குச் சொல்லாததை உங்களுக்கு மட்டும் சொன்னால் நன்றாக இருக்காது.

இடைவேளைக்குப் பிறகு தலைவர் மூன்றாவது தடவை நாம் நண்பர்கள் என்றார். எனக்கு அந்த மலைநாட்டுக்காரர் நினைவு வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். தலைவர் சீருடைக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். அதுவரை வாய் திறக்காத அவர் எழுந்து, டோ மியாவைப் பார்த்து மெல்லிய குரலில், மரியாதையாக, சின்னச் சிரிப்போடு இரண்டு மூன்று வரி பேசினார். பிறகு நான் சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

பதப்படுத்திச் சொல்ல எனக்கு வழி இருந்தது. 'மீண்டும் கலந்து பேசுவது கடினம்' என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். மண்டபம் அமைதியாக வீட்டுக்குப் போயிருக்கும். எனக்கு அந்தச் சாலையில் ஓடிய தர்பூசணிச் சாறு தெரிந்தது. அதே மெல்லிய குரலில், அதே மரியாதையோடு, டோ மியாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"நான் நண்பனாக ஒரு தடவை கேட்கிறேன். இரண்டாவது தடவை கேட்க நான் வர மாட்டேன். அதோ நிற்கிற கப்பல்தான் வரும்."

மண்டபத்தில் விசிறிகள் நின்றன. எல்லோரும் கப்பலைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள். அந்த ஊர் மொழியில், அந்த ஊர் உச்சரிப்பில், 'நான்' என்று சொன்னது என் வாய்தானே? டோ மியா சீருடைக்காரர் பக்கம் திரும்பவே இல்லை. தண்ணீர்ப் பானை ஓரம் அண்ணே என்று கூப்பிட்டவள், தன் ஊருக்குக் கப்பலை அனுப்புவேன் என்று சொன்னவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

விளக்கம் சொல்ல நாக்கு துடித்தது. சொல்லக் கூடாது. சொன்னால் நான் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவேன். நின்றேன்.

தலைவருக்கு இது போதும் என்று பட்டிருக்க வேண்டும். கேமராக்காரரைப் பக்கத்தில் வரச் சொன்னார். எழுந்து, புன்னகையோடு, ஊர் மக்கள் அன்போடு வரவேற்றார்கள், துறைக்குச் சம்மதம் தெரிவித்தார்கள், நன்றி என்றார். என் பக்கம் குனிந்து, இதைப் பர்மியத்தில் சொல், கை தட்டுவார்கள் என்றார்.

அவர் கணக்கில் தப்பில்லை. நம் ஊர்க்காரர்களை அவர் படித்துத்தான் வந்திருந்தார். இங்கே விருந்தாளி நன்றி என்று முடித்தால் கை தானாகத் தட்டும். ஆனாடே என்கிறோமே, எதிரில் நிற்பவர் மனம் நோகுமே என்று வாயை அடைத்துவிடும் அந்தக் கூச்சம், அது கையையும் தட்ட வைத்துவிடும். தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த்தான் ஐயோ என்பார்கள். ஊ தின்னின் கைகள் இப்போதே மடியிலிருந்து எழுந்திருந்தன. கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு கைதட்டலில் அந்தக் கழிகள் போய்விடும்.

அவர் சொன்னதைச் சொல்ல மாட்டேன் என்று மறுக்க எனக்கு உரிமை இல்லை. மாற்றிச் சொல்லவும் உரிமை இல்லை. லப்பே வராததற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குப் பாடம் நடத்தலாமா? அதுவும் கூடாது. ஊர் சொல்லாத ஒன்றை ஊருக்காகச் சொல்ல நான் யார்? ஆனால் ஒரு துபாஷிக்கு எந்தக் கூட்டத்திலும் ஓர் உரிமை உண்டு, அதை யாரும் பறிக்க முடியாது. விளங்காததைக் கேட்கலாம். தெரியாத வார்த்தைக்கு மட்டும் அல்ல.

நான் பெரிய வீட்டு மொழியில், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கேட்டேன். "ஐயா, ஊர் சார்பில் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. சம்மதம் என்பதை நீங்கள் அறிவிப்பதாகச் சொல்லவா, அவர்களிடம் கேட்பதாகச் சொல்லவா?"

தலைவரின் புன்னகை அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது. அவர் வாய் திறப்பதற்குள் சீருடைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே ஒரு சொல் சொன்னார். "கேள்."

நான் டோ மியாவிடம் கேட்டேன். "ஊர் மக்கள் அன்போடு வரவேற்றீர்கள், நன்றி. துறைக்குச் சம்மதமா?"

கேள்வியாக வந்த பிறகு கை தட்ட முடியாது. பதில்தான் சொல்ல வேண்டும். ஊ தின்னின் கைகள் மடிக்குத் திரும்பின. டோ மியா உள்ளே பார்த்து யாரையோ கூப்பிட, ஒரு பெண் மூடி போட்ட அரக்குத் தட்டைக் கொண்டுவந்து பாயின் நடுவில் வைத்தாள். டோ மியா மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு பர்மியத்தில் பேசினாள். சத்தம் போடவில்லை.

"விருந்தாளியை லப்பே இல்லாம அனுப்புற ஊர் இல்ல இது. காலையிலேயே நான் பிசைஞ்சு வச்சேன். ஆனா இதைத் தின்னா வழக்கு தீர்ந்ததுன்னு அர்த்தம். நமக்குள்ள வழக்கு தீரலை. கப்பலைக் காட்டி வாங்குறதுக்குப் பேரு சம்மதம் இல்ல. அதனால நான் மூடி வச்சிருக்கேன். எங்க கழி எங்களோட இருக்குதுன்னு நீங்க சொல்ற அன்னிக்கு வாங்க. நானே திறந்து வைக்கிறேன்."

நான் அதை ஒரு சொல் குறையாமல் பெரிய வீட்டு மொழியில் சொன்னேன். 'நான் பிசைந்து வைத்தேன்' என்றேன். 'நான் மூடி வைத்திருக்கிறேன்' என்றேன். 'எங்கள் கழி' என்றேன். பசுந்தாங் பட்டறையில் கற்ற அந்த மொழியில் அத்தனை தெளிவாக நான் எப்போதும் பேசியதில்லை. தலைவர் என்னைப் பார்த்த பார்வையில், மறுத்துப் பேசியது நான்தான் என்று இருந்தது.

ஆனால் டோ மியாவுக்கு அந்த மொழி தெரியாது. பயமுறுத்திய 'நான்' அவள் காதில் விழுந்தது. அவளுக்காக நான் சொன்ன 'நான்' அவளுக்கு வெறும் சத்தம். புறப்படும்போது எல்லோருக்கும் கைகூப்பினாள். என் முறை வந்தபோது குனிந்து தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பும் வழியில் பாலத்தின் மேல் வண்டி நின்றபோது சீருடைக்காரர் என்னிடம், அந்தத் தட்டில் இருந்தது எப்படி இருக்கும் என்று கேட்டார். இது தொழில் பேச்சு இல்லை, அதனால் சொல்கிறேன். கசக்கும், துவர்க்கும், பூண்டு வாசனை வரும் என்றேன். "என் அம்மா வலை தைப்பாள்" என்றார். வண்டி நகர்ந்ததும், "ஒரு வாய் சாப்பிட்டிருக்கலாம்" என்றார்.

அந்தப் படம் வெளியே வரவில்லை. மிதவைகள் அந்த வருஷம் வரவில்லை. அடுத்த வருஷம் வந்தன. ஊர்க் கழிகளில் ஒரு பகுதியை நகர்த்த வேண்டியிருந்தது. ஆனால் நடுவில் வலைக்காரர்களுக்கு ஒரு தண்ணீர்ப் பாதை விட்டிருந்தார்கள். ஏன் விட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கூட்டத்தால்தான் என்று நான் மார்தட்ட மாட்டேன். எல்லைக் கதவு அவர்கள் இஷ்டத்துக்குத் திறந்தது, மூடியது, திறந்தது. ஊ தின் ஊசி மருந்தை வேறு வழியாக, ஊர் சுற்றி வரவழைத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டு நிம்மதியாக இருந்தது. அந்தக் கம்பெனி என்னை மறுபடி கூப்பிடவில்லை. கொஞ்ச நாளில் கண்ணும் மங்கிவிட்டது; நானே தொழிலை விட்டேன்.

எனக்கு ஆறாமல் இருந்தது ஒன்றுதான். நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். சரியாகச் செய்தும் ஒருத்தி மனசில் கெட்டவனாக இருப்பது இந்த வேலையில் உண்டு, அதற்கு மருந்து இல்லை என்று தேற்றிக்கொண்டேன். உங்களையும் அப்படியே தேற்றிக்கொள்ளச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன்.

போன வருஷம் விளக்குத் திருவிழா முடிந்த வாரம், கியாக்தானில் ஆற்று நடுவே இருக்கிற பயாவுக்கு, புத்தர் கோயிலுக்கு, போயிருந்தேன். படகிலிருந்து இறங்கி, படித்துறையில் கெளுத்தி மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு இளம்பெண் வந்து, நீங்கள் துபாஷி ஊ மணிதானே என்று கேட்டாள். டோ மியாவின் தங்கை மகள், பெயர் மா சூ. பெரிய வீட்டுக்காரர்கள் நடத்தும் ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை. அங்கே வேலை செய்து செய்து அந்த மொழி காதில் ஏறிவிட்டதாம். என் கதைதான், பட்டறைக்குப் பதிலாகத் தையல் மிஷின்.

பெரியம்மா கூட்டி வரச் சொன்னாள் என்று கையோடு அழைத்துப்போனாள். வழியில்தான் விஷயம் சொன்னாள். அன்றைக்குக் கூட்டத்தை ஊரில் யாரோ செல்போனில் பிடித்து வைத்திருக்கிறார்கள். அது கைமாறிக் கைமாறி ஒருநாள் மா சூ கைக்கு வந்திருக்கிறது. அவளுக்குத்தான் இப்போது இரண்டு மொழியும் தெரியுமே. கேட்டுவிட்டு ஓடிப்போய்ப் பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்: "அவர் உங்க பேச்சையும் 'நான்'னுதான் சொல்லியிருக்கார் பெரியம்மா. 'எங்க கழி'ன்னு சொல்லியிருக்கார். அந்தத் தலைவர் கேள்வி கேட்கலை. இவர் கேட்டதாலதான் கேள்வி ஆச்சு."

டோ மியா வாசலிலேயே நின்றாள். தலை நன்றாக நரைத்திருந்தது. பாயை விரித்து உட்காரச் சொன்னாள். அந்த அரக்குத் தட்டு வந்தது. மூடியைத் திறந்து என் பக்கம் தள்ளினாள்.

"சாப்பிடுங்கண்ணே" என்றாள், தமிழில். "உங்க வழக்கு தீந்துபோச்சு."

ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டேன். பிறகு, அவர்களுடைய வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவள் மோவாயால் ஆற்றுமுகத்தைக் காட்டினாள். மிதவைகளுக்கு அப்பால் சாம்பல் நிறத்தில் ஒரு கப்பல் நின்றது.

"அவுங்களுக்கு இன்னும் மூடிதான் போட்டிருக்கு. மறுபடி வருவாங்க. நீங்களும் வாங்க. நான் சொல்றதை 'நான்'னே சொல்லுங்க."

நான் வேலையை விட்டுவிட்டேன், கண் சரியில்லை என்றேன்.

"அப்ப யாரையாவது அனுப்புங்கண்ணே" என்றாள்.

அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.